ஜிம்மியின் ஓட்டக் குறிப்புகள்: ஆடி முதல் மார்கழி வரை

என் பெயர் ஜிம்மி. பெற்றவள் சிப்பிப்பாறை இனத்து நாய். பெற்றவன் யாரென்று தெருவில் விசாரித்தும் சரியான பதில் இல்லை. வயது இரண்டு. கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, அம்மாவைப் பெற்ற அமுச்சி என நாலு பேரை வைத்துப் பராமரித்து வருகிறேன். இதில் மூன்று பேர் இந்த வருடம் கோயம்புத்தூர் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக 2013 முதல் நடக்கிற ஓட்டம். இப்போதெல்லாம் டிசம்பரில் வருகிறது. அப்பாவுக்கு 21.1 கிலோமீட்டர், அம்மாவுக்கு 10, அக்காவுக்கு 5. எனக்கு ஒன்றும் இல்லை. பயிற்சிக்கு மட்டும் நான் வேண்டும், பந்தயத்துக்கு வேண்டாம்.

மூன்று பேரும் தங்கள் ஓட்டத்தை வாட்சிலும் போனிலும் பதிந்துகொள்கிறார்கள். தூரம், நேரம், இதயத் துடிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. எந்த வளைவில் என்ன வாசம், எந்தத் தெருவில் யார் குரைத்தார்கள் என்கிற விவரம் ஒன்றுமே இல்லை. அந்தக் குறை தீர இது.

ஆடி

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடியில் எங்கள் ஊரை ஒரு வழி பண்ணிவிடும். என் காது ரெண்டும் உள்பக்கம் வெளியே தெரிய மடங்கிக்கொள்ளும். ஆனால் வெயில் தாழ்வு. ஓட ஆரம்பிக்க நல்ல மாதம்தான்.

போன வருடம் என்னைக் கூட்டிப் போகவில்லை. வளரும் நாய்க்குக் கால் எலும்பின் முனைகள் இறுக ஒன்று, ஒன்றரை வருடம் ஆகும், அதற்குள் தார்ரோட்டில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். இப்போது அனுமதி கிடைத்தது. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை வாங்கினார்கள். இழுத்தாலும் தொண்டை நெரியாது. கயிறு அவர்கள் இடுப்பில். முதல் வாரங்களில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். எனக்கில்லை, அவர்களுக்கு.

ஓட்டத்துக்கு முன்னால் எனக்குச் சோறு கிடையாது, வந்து மூச்சு அடங்கிய பிறகுதான். என்னைப் போல் நெஞ்சு ஆழமான நாய் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால், வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் நான் வாதாடுவதில்லை.

அமுச்சிக்கு இந்த ஏற்பாடே பிடிபடவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, மருமகன் வியர்த்து வழிந்து வருவதைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங் மாப்ளே, நாயி உங்களத் தொரத்துதுங்களா, நீங்க நாயத் தொரத்துறீங்களா?"

அப்பா சிரித்தார். பதில் சொல்ல மூச்சு இல்லை.

விஷயமே அந்த மூச்சில்தான் இருக்கிறது. அவர்கள் ஓட்டக் குழுவின் கோச் போட்டுக் கொடுத்த அட்டவணையில் வாரத்தின் பெரும்பாலான நாட்களுக்கு நேரே 'ஈஸி ரன்' என்று எழுதியிருக்கிறது. ஈஸி என்றால் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். இதயமும் தசையும் நெடுந்தூரத்துக்குப் பழகுவது அந்த வேகத்தில்தானாம். அப்பா ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. வாட்சைப் பார்ப்பார், நேற்றைக்கு இருந்ததைவிடக் குறைந்திருக்க வேண்டும் என்று முக்குவார். நான் மின்கம்பத்தின் அடியில் நின்றால் வாட்சை நிறுத்துவார், "வா ஜிம்மி, வா, வா" என்று கயிற்றைச் சுண்டுவார். மூன்றாவது தெரு முனைக் கம்பத்தில் அந்த வட்டாரத்தின் அன்றைய சேதி முழுக்க இருக்கும். மனிதருக்கு மூக்கில் வாசம் அறியும் செல்கள் அறுபது லட்சம் அளவில் என்றால் எங்களுக்குப் பத்துக் கோடிக்கு மேல் என்று அக்கா ஒரு நாள் படித்துக் காட்டினாள். அவ்வளவையும் வைத்துக்கொண்டு கம்பத்தைத் தாண்டிப் போ என்றால் எப்படி?

அம்மா வேறு மாதிரி. நான் நின்றால் அவளும் நிற்பாள். இடுப்பில் கை வைத்து இரண்டு பெருமூச்சு. "சரி, படிச்சு முடிச்சியா? போலாமா?" அப்புறம் ஓடுவோம். ஓடும்போது என்னிடம் பேசிக்கொண்டே வருவாள். பால் விலை, அக்காவின் செமஸ்டர், நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன புடவை. எனக்கு அந்த வேகம் சும்மா தொங்கோட்டம். கோச் சொன்ன ஈஸி ரன் வீட்டிலேயே ஒருத்திக்குத்தான் வாய்த்தது. அதற்குக் காரணம் என் மூக்கு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆவணி

தெரு நாய்கள் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஐந்து மணிக்கு ஓடுகிற எல்லோருக்கும் இது பெரிய தலைவலி. எங்கள் பக்கத்து நியாயமும் கொஞ்சம் கேளுங்கள். இரவு முழுக்க ஒரு தெருவைக் காவல் காத்தவன் முன்னால் திடீரென்று ஒரு ஆள், நெற்றியில் விளக்கு, காலில் பளபளக்கும் ஷூ, மூச்சிரைக்க ஓடி வந்தால் என்ன நினைப்பான்? எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறான் என்றுதான். ஓடுகிற எதையும் துரத்துவது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. அப்பாவின் முதல் யோசனை, வேகத்தைக் கூட்டித் தப்பிப்பது. அது துரத்தச் சொல்லி அழைப்பு விடுவதற்குச் சமம்.

அக்காதான் சரியாகப் பிடித்தாள். கூட்டம் கண்ணில் பட்டதும் ஓட்டத்தை நடையாக்குவாள். கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்க மாட்டாள். என்னைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, சாலையின் எதிர்ப்பக்கமாக, அவசரமில்லாமல் கடப்பாள். முதுகைக் காட்டி ஓடுவதே கிடையாது. நானும் என் பங்குக்கு வாலைத் தணித்து, தலையைத் திருப்பி, 'சும்மா போறவங்கதான்' என்று தகவல் கொடுத்தேன். மாதக் கடைசியில் மூன்று தெருவில் குரைப்பே நின்றுபோனது. நாலாவது தெருவில் ஒரு வெள்ளைக்காரன் இருக்கிறான், அவனோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

மேடு ஏறிப் பழகவென்று ஒரு ஞாயிறு மருதமலை அடிவாரத்துக்குப் போனோம். இருட்டு இன்னும் விலகவில்லை. அப்பா முன்னால், நானும் அம்மாவும் பின்னால். ஒரு வளைவுக்கு முன் எனக்குக் கால் ஓடவில்லை. பச்சை மூங்கில் ஒடிந்த வாசம், அதன் மேல் புளித்த சாணத்தின் வாசம், அதற்கும் மேலே இன்னும் சூடு ஆறாத வேறொன்று. உட்கார்ந்துவிட்டேன். "சோம்பேறி ஆயிட்டா" என்றார் அப்பா. நான் எழவில்லை. தலையைத் தாழ்த்தி, முதுகு மயிரைச் சிலிர்த்து உறுமியதைப் பார்த்த அம்மா மட்டும், "இல்லீங்க, திரும்பிரலாம்" என்றாள். கீழே டீக்கடைக்காரர் சொன்னார்: "ராத்திரி ஆனை எறங்கிருச்சுங்க. இப்பத்தான் ஃபாரஸ்ட்காரங்க மேல போனாங்க."

அன்றைக்கு எனக்கு இரண்டு வர்க்கி கிடைத்தது. மேட்டுப் பயிற்சி அதற்குப் பிறகு நன்றாக விடிந்த பிறகுதான்.

புரட்டாசி

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். இந்த வருடம் முதல் பாதிதான் நிறைய நடந்தது.

ஞாயிறு லாங் ரன்னுக்கு ரேஸ் கோர்ஸ் போவோம். ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். தூங்குமூஞ்சி மரங்களின் நிழல், நடைபாதை வழவழப்பு, ஊரில் உள்ள எல்லாச் சாதி வளர்ப்பு நாயும் அங்கே வரும். முதல் இரண்டு சுற்றில் என்னை யாரும் தொட முடியாது. சிப்பிப்பாறை ரத்தம் முயல் துரத்தப் பிறந்தது. முழு வேகத்தில் பாய்ந்தால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு எழும். அப்பாவால் ஒரு முறைகூட அப்படி எழ முடியாது.

மூன்றாவது சுற்றில் கதை மாறும். ஏழு மணி வெயில் ஏறியதும் என் நாக்கு முழங்கால் வரை தொங்கும். எனக்கு வியர்ப்பது பாதங்களின் அடியில் மட்டும்தான், அதுவும் பேருக்கு. மற்ற சூட்டை எல்லாம் மூச்சிரைத்தே தள்ள வேண்டும். காற்றில் ஈரம் அதிகமானால் அதுவும் சரியாக நடக்காது. மனிதருக்கோ உடம்பு முழுக்க இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள். மயிரில்லாத தோல், அதன் மேல் தண்ணீர், அதன் மேல் காற்று. நனைந்து நாறிக்கொண்டு, என்னைவிட எவ்வளவோ மெதுவாக, ஆனால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் மரத்தடியில் படுத்துக் கிண்ணத்துத் தண்ணீரை நக்கிக்கொண்டிருக்கும்போது அப்பா நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று என்று கடந்து போவார். வேகத்தில் எனக்கு அவர் மேல் மதிப்பே இல்லை. இதில் உண்டு.

அம்மா தார் மேல் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பார்ப்பாள். வைக்க முடியாத சூடு என்றால் அன்று நான் புல் ஓரம்தான். ஷூ போட்டவர்களுக்கு இது தோன்றாது. அவளுக்கு எப்படித் தோன்றியதோ.

தின்பண்ட விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அப்பாவின் இடுப்புப் பையில் பேரீச்சை, உலர் திராட்சை, இனிப்பு ஜெல் எல்லாம் இருக்கும். திராட்சை எங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், காய்ந்ததும் சரி, பழமும் சரி. சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் சேர்க்கிற சைலிட்டால் அதைவிட மோசம். வாசம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வாழைப்பழத் துண்டோடு சரி.

ஐப்பசி

மழை. தீபாவளி வெடி. கட்டிலுக்கு அடியில் இருந்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

இல்லை, ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருந்த என்னைத் தேற்ற அக்கா ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவின் அலபாமாவில் எல்க்மான்ட் என்று ஒரு சிற்றூர். 2016 ஜனவரியில் அங்கே அரை மாரத்தான், அப்பா ஓடப்போகிற அதே 21.1 கிலோமீட்டர். லுடிவீன் என்ற பிளட்ஹவுண்ட் இனத்துப் பெண் நாயை, ஒன்றுக்குப் போய்விட்டு வரட்டும் என்று வீட்டுக்காரர் வெளியே விட்டிருக்கிறார். அவள் நேராகப் போய் ஓட்டம் தொடங்குகிற இடத்தில் சேர்ந்துகொண்டாள். வழியில் செத்த முயல் ஒன்றை மோந்து பார்க்க நின்றாள். அப்படியும் 1 மணி 32 நிமிடம் 56 விநாடியில் ஏழாவதாக முடித்து மெடலும் வாங்கினாள். பிறகு அந்த ஓட்டத்துக்கே 'ஹவுண்ட் டாக் ஹாஃப்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார். அவர் குறி இரண்டரை மணி நேரம். எனக்குப் பிடித்தது அந்த முயல் பகுதிதான். மோந்து பார்க்க நின்றவள் தோற்றுவிடவில்லையே.

கார்த்திகை

அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பு நெடுக வலி. ஈஸி நாளிலும் டெம்போ என்கிற மூச்சிரைக்கும் வேகத்தில் ஓடினால் எலும்பு என்ன செய்யும்? கோச் பத்து நாள் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார், நடை மட்டும். அதனால் என்னைக் கூட்டிப் போகும் வேலை அவருக்கு வந்தது. வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். மூன்றாவது தெருக் கம்பத்தில் நான் நின்றபோது அவரும் நின்று, ஷூவால் மண்ணைக் கிளறிக்கொண்டு, "அப்படி என்னதான் இருக்குது இதுல?" என்று குனிந்துகூடப் பார்த்தார். நல்ல மனிதர். அவசரம்தான் ஜாஸ்தி.

பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள், அதற்கு டேப்பர் என்று பெயர். தேய்ந்த தசை ஆறிச் சேரட்டும் என்பதற்காக. எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் மிகக் கஷ்டமான காலம் அதுதான். ஓடாத மனிதர்கள் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினார்கள். வானிலையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தார்கள். முந்தின நாள் மாவுச்சத்து ஏற்ற வேண்டும் என்று பெரிய விவாதம். பாஸ்தா என்றார் அப்பா. "அதெல்லாம் என்னத்துக்கு?" என்று அமுச்சி அரிசிம்பருப்புச் சாதம் செய்து நெய் ஊற்றி வைத்தார். எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள்.

மார்கழி

மார்கழி பிறந்த சமயத்தில் பந்தயம். நானும் அமுச்சியும் பக்கத்து வீட்டுப் பையனோடு ஓட்டம் போகும் சாலையோரம் நின்றோம். பனி. வலி ஸ்ப்ரேயும் ஆரஞ்சுத் தோலும் ஆயிரம் பேர் வியர்வையும் கலந்த வாசம். இவ்வளவு பேர் ஒரே திசையில் ஓட, ஒருவரையும் துரத்த விடாமல் என்னைப் பிடித்து வைத்திருந்தது கொடுமை.

அம்மாவை நான்தான் முதலில் கண்டேன், பையன் கண்டது வெகு நேரம் கழித்து. பக்கத்தில் ஓடிவந்த யாரோ ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டே வந்தாள். "ஏங்கண்ணு, மெதுவாப் போ சாமி, ஒண்ணும் அவசரமில்ல!" என்று அமுச்சி போட்ட சத்தத்தில் முன்னால் பின்னால் ஓடியவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்துக் கை காட்டினாள், நிற்கவில்லை. 1 மணி 9 நிமிடம். அவள் நினைத்திருந்தது 1:15.

அக்கா ஐந்து கிலோமீட்டரைத் தோழிகளோடு படம் எடுத்துக்கொண்டே முடித்தாள். அதற்கு நேரமெல்லாம் கிடையாது.

அப்பா முதல் பாதி பறந்திருக்கிறார். எங்களைக் கடந்தபோது முகத்தில் உப்புப் பூத்திருந்தது, கெண்டைக்கால் பிடித்து நொண்டி நொண்டி வந்தார். அமுச்சி அதிசயமாக ஒன்றுமே சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். 2 மணி 41 நிமிடம். மெடல் மூன்றையும் மோந்து பார்த்தேன். வெறும் இரும்பு, நக்கினால் ருசியும் இல்லை.

மறுநாள் மாடிப்படியில் அப்பா பின்பக்கமாக இறங்கி வந்தார். அம்மா டீ போட்டுக்கொண்டே, அடுத்த வருடம் தானும் 21 ஓடப்போவதாகச் சொன்னாள். "அப்ப இனிமே ஈஸி ரன்னுக்கு ஜிம்மிய நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா. "வாட்ச் இல்லாம போறதுன்னா போங்க" என்றாள். பேச்சு இன்னும் முடியவில்லை. தை பிறந்ததும் அட்டவணை வருமாம். வெயில் காலத்தில் ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், ஐந்து கிலோமீட்டருக்கு மேல் எனக்குக் கிடையாது என்பது வரை ஒத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது தெருக் கம்பத்தில் எவ்வளவு நேரம் என்பதில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை.