செம்பு பாதியில் நிறுத்தும் வேலை

குலசேகரத்தை அடுத்த எங்கள் ஊரில் அமோனியாவின் வாடையை அறியாதவர் இல்லை. ஆலைக்குக் கொண்டுபோகும் ரப்பர் பால் வழியிலேயே உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியாவைக் கலப்பார்கள். அதே அமோனியாவைத்தான், நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட்டிலிருந்து (நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) மின்சாரத்தைக் கொண்டு உண்டாக்க இப்போது ஆய்வகத்தில் முயன்றுவருகிறேன். இதைக் கேட்ட பெரியப்பா, வாழைக்கு யூரியா வாங்கியே அலுத்தவர், “மக்களே, அப்போ நம்ம கிணத்து வெள்ளத்திலேருந்தே உரம் எடுக்கலாமா?” என்றார்.

1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கிய ஹேபர்–போஷ் முறை, உரத்துக்கான அமோனியாவை உண்டாக்கக் காற்றின் நைட்ரஜனை 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு சேர்க்கிறது. அந்த நைட்ரஜனின் இரண்டு அணுக்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் முப்பிணைப்பு அத்தனை வலியது. நைட்ரேட்டில் அந்தப் பிணைப்பு இல்லாததால் அறை வெப்பத்திலேயே வேலை நடக்கும். ஆனால் ஒரு நைட்ரேட் அயனி அமோனியாவாக மாற எட்டு எலக்ட்ரான்களும் ஒன்பது புரோட்டான்களும் படிப்படியாக வந்து சேரவேண்டும். எந்தப் படியிலும் அது வழிதவறலாம்.

மின்வாயாக, அதாவது கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் தகடாக, வைக்கும் செம்பு, நைட்ரேட்டை நன்றாகப் பற்றிக்கொள்ளும்; ஆனால் அதிலிருந்து ஓர் ஆக்சிஜனை மட்டும் நீக்கி, நைட்ரைட்டோடு நின்றுவிடும். வெறும் செம்புத் தகட்டில் அரை மணி நேரம் மின்சாரம் செலுத்தியபின், நைட்ரைட்டைக் காட்டும் கரைசல் பீட்ரூட் சாறுபோல் சிவந்தது. அமோனியாவுக்குரிய நீல நிறமோ உற்றுப்பார்த்தால்தான் தெரிந்தது. மீதிப் பாதையைக் கடக்க ஹைட்ரஜன் அணுக்கள் பக்கத்திலேயே கிடைக்கவேண்டும் என்பதால், அவற்றை நீரிலிருந்து பெற்றுத்தரும் கோபால்ட்டைச் செம்போடு சேர்க்கிறோம். அந்த அணுக்கள் மிகுந்துவிட்டால் தமக்குள்ளேயே இணைந்து குமிழிகளாகப் பறந்துவிடும், மின்சாரமும் வீணாகும்; குறைந்தால் நைட்ரைட் தேங்கும். வினையூக்கி வடிவமைப்பு என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த அளவைப் பிடிப்பதுதான். (மின்சாரம் பாய்ந்தபின் பரப்பே உருமாறிவிடுவதால், செய்த பொருளும் வேலை செய்த பொருளும் ஒன்றுதான் என்று நம்பக்கூடாது.)

இந்தத் துறையின் ஆய்வுக்கட்டுரைகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல சோதனைகள் லிட்டருக்கு ஏறத்தாழ 6,200 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கரைசலில் நடக்கின்றன. குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவோ 45 மில்லிகிராம்தான். முன்னதில் கிடைக்கும் தொண்ணூறு சதவீதத் திறனை (செலுத்திய மின்சாரத்தில் அமோனியாவை உண்டாக்கப் பயன்படும் பங்கை) கொண்டு பின்னதைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

பெரியப்பாவுக்காகக் கணக்குப் போட்டேன். எங்கள் கிணற்றில் அந்த 45 மில்லிகிராம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அதில் ஒன்றும் வீணாகாமல் மாறினாலும், ஆயிரம் லிட்டரிலிருந்து கிடைப்பது 12 கிராம் அமோனியா. யூரியாவாகச் சொன்னால் 22 கிராம். “ஒரு வாழை மூட்டுக்கே காணாதே” என்று சிரித்தார். உரத்துக்காக என்றால், நைட்ரேட் செறிந்த ஆலைக்கழிவுநீரிடம்தான் போகவேண்டும். கிணற்றில் இது நீரைச் சுத்தம் செய்யும் வேலை மட்டுமே, அப்போதும் உண்டாகும் அமோனியாவைப் பிரித்தெடுத்தாக வேண்டும்.

ஆனாலும் அந்தக் கிணற்று நீரை ஒரு கேனில் கொண்டுவந்து கலத்தில் ஊற்றிப் பார்த்தேன். நைட்ரேட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோன்ற வெள்ளைப் படிவம் மின்வாயை மூடத் தொடங்கியிருந்தது. இந்த வாரம் முழுவதும் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.