ஒன்பதால் வகுத்துப் பாரும்

2005-ஆம் வருடம், ஐப்பசி மழை. சேரன்மகாதேவி வட்டாரத்தில் கன்னடியன் கால்வாயை ஒட்டிய ஊர் ஒன்றில் எங்கள் வங்கிக் கிளை. ராத்திரி பதினொன்றரை மணி. ஆறு பேர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தோம். லெட்ஜரில் இருந்த சேமிப்புக் கணக்குகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. லெட்ஜர் கூட்டுத்தொகையும் கம்ப்யூட்டர் கூட்டுத்தொகையும் ஒத்துப்போனால் காலையில் கோர் பேங்கிங்குக்கு, அதாவது எல்லாக் கிளைகளின் கணக்கும் ஒரே கம்ப்யூட்டர் வலையில் இருக்கும் முறைக்கு, மாறிவிடலாம். ஒத்துப்போகவில்லை. 1,800 ரூபாய் உதைத்தது.

கணக்குகள் நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும். எனக்கு அப்போது 38 வயது. இந்த மெஷினெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.

அண்ணாச்சி பின்பக்கக் குழாயில் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். கிளையில் மூத்த கிளார்க் அவர். வயது 56.

"எம்புட்டு உதைக்கு?"

"ஆயிரத்தி எண்ணூறு, அண்ணாச்சி."

"ஒம்பதால வகுத்துப் பாரும்."

"இருநூறு வருது."

"மிச்சமில்லாம போகுதுல்லா? அப்ப யாரோ இலக்கத்த இடம் மாத்தி அடிச்சிருக்கு. ஆயிரத்துக்கும் நூறுக்கும் நடுவுல. ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டு வரணும். நாலு ஆறா, மூணு அஞ்சா, அப்படி உள்ள கணக்க மட்டும் பாரும் வே."

பழைய கணக்குப்பிள்ளைகள் கைவசம் வைத்திருந்த சூத்திரம் இது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால், வருகிற வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். வகுத்து வருகிற எண், எந்த இடத்தில் எவ்வளவு என்று காட்டிக்கொடுத்துவிடும். நாற்பது நிமிடத்தில் பிடித்துவிட்டோம். முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் பீடி சுற்றுகிற ஒரு அம்மாவின் கணக்கு. 4,600 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 6,400 என்று ஏறியிருந்தது. அடித்தவன் நான்.

அண்ணாச்சி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "டீ சொல்லுவமா?" என்று மட்டும் கேட்டார். அந்நேரம் எந்தக் கடை திறந்திருக்கும்? அவருக்கும் தெரியும்.

இதே அண்ணாச்சிக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் மவுஸை இரண்டு தடவை சேர்த்து அழுத்த வராது. ஒரு அழுத்துக்கும் மறு அழுத்துக்கும் நடுவில் மவுஸ் நகர்ந்துவிடும். 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது நாடு முழுக்க அரசு வங்கிகளிலிருந்து லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். எங்கள் கிளையிலேயே இரண்டு பேர் போனார்கள். அண்ணாச்சியின் வயதுக்காரர்கள் எல்லாரும் அவரையும் கூப்பிட்டார்கள். காசை வாங்கிக்கொண்டு வயலைப் பார்க்கப் போவதில் என்ன குறைச்சல் என்று கேட்டார்கள். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்கு. ஆனால் அண்ணாச்சி இருந்துவிட்டார். கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று சுற்றறிக்கை வந்ததும், டோக்கன் கொடுக்கிற வேலைக்கு மாறிக்கொள்ளலாம், நாலு வருடத்தை ஓட்டிவிடலாம் என்று மேலாளரே சொல்லிப் பார்த்தார். "பைய வரும் சார், படிச்சுக்கிடுதேன்" என்று அதையும் வேண்டாம் என்றார்.

படித்தது எப்படி என்பதுதான் என் மனதில் இன்றுவரை நிற்கிறது. மாதக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கீபோர்டை அப்படியே ஸ்கேல் வைத்து வரைந்துகொண்டார். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து, எண், மூலையில் இருக்கும் சின்னக் குறிகள் வரை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பஸ்ஸில் வரும்போது மடியில் விரித்துத் தட்டிக்கொண்டே வருவார். மழையில் நனைந்து மை பரவியதும் இன்னொன்று வரைந்தார். மூன்றாவது தாளை நான் பார்த்திருக்கிறேன். அதில் எண்கள் இருக்கும் வரிசை மட்டும் பேனாத் தடம் தேய்ந்து வெளுத்திருந்தது.

சொல்லிக்கொடுக்க வந்த பையனுக்கு 23 வயது இருக்கும். நாங்கள் எல்லாரும் அவனைத் தம்பி என்றோம். அண்ணாச்சி மட்டும் சார் என்றார். மகனைவிடச் சின்னவனை ஏன் சார் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சொல்லிக் குடுக்கவன் சாருதாம் வே" என்று முடித்துக்கொண்டார். ஒரே சந்தேகத்தை மூன்று தடவை கேட்பார். நான்காவது தடவையும் கேட்பார். கூச்சமே கிடையாது. எங்களுக்கெல்லாம் ஒரு தடவை கேட்கவே வாய் வராது. தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நேர்மறை மனப்பான்மை என்று பின்னாளில் எத்தனையோ பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கேட்டாயிற்று. சிரித்த முகமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள் என்பார்கள். அண்ணாச்சி அப்படி ஒன்றும் சிரித்த முகக்காரர் இல்லை. சிடுசிடுப்பும் உண்டு, சர்க்கரையும் உண்டு. அவரிடம் இருந்தது வேறு. இது எனக்கு வரும், யாராவது சொல்லித்தந்தால் வரும் என்கிற எண்ணம். அந்த எண்ணம் இருந்ததால் கேட்க முடிந்தது. எனக்கு அது இல்லை, அதனால் 38 வயதிலேயே கிழவனாக இருந்தேன். இன்னொன்றும் அவரிடம் பார்த்தேன். புதிதைப் படிக்கிறோம் என்பதற்காகப் பழையதைத் தூக்கி எறியவில்லை. ஒன்பதால் வகுக்கிற சூத்திரம் லெட்ஜரோடு செத்துப்போயிற்று என்று அவர் நினைத்திருந்தால் அன்றைக்கு ராத்திரி நாங்கள் வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

பத்தமடையிலிருந்து ஒரு உம்மா வருவார். பாய் நெய்கிறவர். அறுபதை ஒட்டிய வயது. மாதாமாதம் பத்தாம் தேதிக்குள் வந்து பணம் போட்டுவிடுவார். அது அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது. அப்போதெல்லாம் சேமிப்புக் கணக்கில் 10-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கிற குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. பதினொன்றாம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டியே கிடையாது. 2010 ஏப்ரல் 1-இலிருந்துதான் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிடும் முறை வந்தது. அதுவரை வாசலில் யாரைக் கண்டாலும் "பத்துக்குள்ள போட்டுருங்க" என்று சொல்வது அண்ணாச்சியின் வழக்கம்.

உம்மாவுக்குக் கைநாட்டுத்தான். பணம் எடுக்க வரும்போதெல்லாம் சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். 2007-இல் ஒரு நாள் கவுண்ட்டரில் நின்றுகொண்டு, "எனக்குக் கையெழுத்துப் போடப் படிச்சுத் தாங்க வாப்பா" என்றார்.

"இந்த வயசுல என்னத்துக்கு உம்மா? கைநாட்டே போதுமே" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குள் சுடுகிறது. ஒரு மனுஷி ஆசையாய் நீட்டிய கையை வயதைச் சொல்லித் தட்டிவிட்டேன்.

உம்மா என்னைக் கோபிக்கவில்லை. "கோரையைக் கீறி நூலுக்குள்ள கோக்குத கைக்கு இது வராதா?" என்று கேட்டார். அண்ணாச்சி பணம் கட்டும் சலான் ஒன்றை எடுத்துத் திருப்பி, உம்மாவின் பெயரைப் பெரிசாக எழுதிக் கொடுத்தார்.

பத்தமடைப் பாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கை எப்பேர்ப்பட்டது என்று. தாமிரவருணிக் கரையில் விளைகிற கோரையை வெட்டி, காயவைத்து, நார் நாராகக் கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெருக்க வேண்டும். பட்டுப் பாய் என்கிற சன்ன ரகம் கைக்குட்டை போல மடியும். ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த பொறுமையோடு உம்மா எழுத்துப் படித்தார். வரும்போதெல்லாம் எழுதிப் பார்த்த தாளைக் கொண்டுவந்து காட்டுவார். முதலில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பிறகு இடைவெளி சீரானது. பாய்க்கு நெருக்க வேண்டும், எழுத்துக்கு விலக்க வேண்டும் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

மூன்றாவது மாதம் மாதிரிக் கையெழுத்து அட்டையில் போட்டார். கோடு தாண்டவில்லை. போட்டு முடித்ததும் பெருவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அதில் மையே இல்லை.

இதை எல்லா இடத்திலும் பொருத்திப் பேசக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் எங்களுக்கு நிறைய வாடிக்கையாளர்கள். மடியில் சுளவை வைத்துக்கொண்டு குனிந்தே இருக்கிற வேலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழுத்து போய்விடும், தூள் நெஞ்சில் ஏறும். மனதை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகும் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. கூலியை மனப்பான்மை உயர்த்தாது. அதற்குச் சங்கம் வேண்டும், சட்டம் வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும்.

ஆனாலும் அங்கேயும் ஒரு அக்காவைப் பார்த்தேன். சுயஉதவிக் குழு ஒன்றுக்கு ஊக்குநர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தின் வழியாகத்தான் இப்படிப்பட்ட குழுக்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தோம். முதல் தடவை அவர் கொண்டுவந்த தீர்மான நோட்டில் தேதியும் இல்லை, கையெழுத்தும் பாதிதான். திருப்பி அனுப்பினோம். மறுநாள் வந்தார். மறுபடி திருப்பினோம். மூன்றாம் நாள் வந்து, "சார், சரியா எழுதுன நோட்டு ஒண்ணு குடுங்க, பாத்து எழுதிட்டுத் தாரேன்" என்றார். அதற்கப்புறம் அவர் நோட்டில் நாங்கள் ஒரு பிழை கண்டதில்லை. அடுத்தடுத்த தெருக் குழுக்களுக்கெல்லாம் அவரே எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் கேட்டதும் அண்ணாச்சி கேட்டதும் ஒன்றுதான்.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கா லெவியும் அவர் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பற்றிப் பிற்பாடு வாசித்தேன். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 50 வயது தாண்டிய 660 பேர். தங்கள் முதுமையைப் பற்றி நல்லபடியாக நினைத்தவர்கள், அப்படி நினைக்காதவர்களைவிடச் சராசரியாக 7.5 வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். வசதியையும் உடல்நிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் நின்றதாம். எனக்கு ஆயுள் கூடுவது இரண்டாம் பட்சம். இருக்கிற வருடங்களில் ஒரு மனிதன் என்ன செய்கிறான் என்பதுதான் நான் பார்த்தது.

எனக்கு இப்போது 58 வயது. கணக்கு தொடங்க டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் விரலை வைத்தால் ஆதாரோடு ஒத்துப்பார்க்கும். கோரை கீறிய விரலும் பீடி சுற்றிய விரலும் ரேகை தேய்ந்து கிடக்கும், மெஷின் நாலைந்து தடவை மாட்டேன் என்னும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரிக்குத்தான் தெரியும். என் மகள் வயது. ஆந்திராக்காரப் பெண், தமிழ் இன்னும் தட்டுத் தடுமாறித்தான். நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுகிறேன். மூன்று தடவை கேட்கிறேன். அவரும் 'பைய' என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இப்போது பாட்டிமாரிடம் "பைய வாங்க" என்கிறார்.

போன மாதம் அண்ணாச்சி போன் போட்டார். 2009-இல் ஓய்வு பெற்றவர், 76 வயது. மகாராஜநகர் உழவர் சந்தையில் கீரைக்குப் போன் வழியாகவே பணம் அனுப்பப் பழகிவிட்டாராம். கூடவே ஒரு சந்தேகம்.

"அனுப்புதோம், சரி. போன வாரம் யாருக்கு என்ன குடுத்தோம்னு பாக்கணும்லா? லெட்ஜர் எங்க வே இருக்கு இதுல?"

எங்கே தொட வேண்டும், தொட்டதும் என்ன வரும், தேதிவாரியாக எப்படிப் பார்ப்பது என்று சொன்னேன்.

"இரும், எழுதிக்கிடுதேன்" என்றார். போனைக் கீழே வைக்கிற சத்தமும், மேஜை டிராயரை இழுத்துப் பேனா தேடுகிற சத்தமும் கேட்டன. நான் காத்திருந்தேன்.