நீலத் தாழி: மூன்றாம் வாரம்

வீட்டிலேயே அவுரிச் செடியின் நீலத்தால் துணிக்குச் சாயம் போடுகிறேன். முதல் முயற்சி முழுத் தோல்வி. திண்டிவனம் பக்கம் வாங்கிய அவுரி நீலக்கட்டி 50 கிராம், சுண்ணாம்பு 100, வெல்லம் 150 என்று எடைபோட்டுத்தான் மண்தாழியில் கரைத்தேன். மூன்று நாளாகியும் தண்ணீர் கருநீலமாகவே நின்றது. நீலம் சும்மா தண்ணீரில் கரையாது. காற்றுப் படாமல் புளித்து, பச்சை கலந்த மஞ்சளாக மாறினால்தான் நூலைப் பிடிக்கும். நானோ மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை, பழைய சாயக்காரர்களைப் போல, புளிக்க வைக்கத் தகரை விதை சேர்க்க நினைத்தேன். அதைக் குழைய அவிக்க வேண்டும். அடுப்பில் ஏற்றி அரை மணி நேரம் ஆகியிருக்கும், அம்மா செய்தித்தாளுடன் வந்து நின்றார். முதல் பக்கத்தில் பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹார்முஸ் நீரிணை.

"கப்பல் வருமோ வராதோ என்று போட்டிருக்கிறான், நீ கேஸில் விதை அவிக்கிறாயே!"

நம் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதிலும் பெரும்பகுதி அந்த இடுக்கு வழியாகத்தான் வருகிறது. வாயைத் திறக்காமல் அடுப்பை அணைத்தேன்.

மறுநாள் எங்கள் கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடியில் ஒரு கட்டு சவுக்கு மிலாறு விறகு வாங்கிவந்து, கொல்லையில் மூன்று கல் கூட்டி விதையை அவித்தேன். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலமும் அவர்களுக்கு என்று பேச்சு. ஊர்ப் பெயரில் குண்டு ஒட்டிக்கொண்டது அப்படித்தான் என்பார்கள். விறகுக்காரரிடம் கேட்டேன், அவர் சில்லறை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்.

ஐந்தாம் நாள் தாழியின் மேல் செம்புப் பளபளப்பில் ஒரு படலம். வாடையும் கிளம்பிவிட்டது, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பழைய வேட்டித் துண்டு ஒன்றை முக்கி எடுத்தேன். இளம்பச்சையாக வெளியே வந்தது, கொடியில் போடுவதற்குள் நீலமாகிவிட்டது. "இன்னும் ஒரு முக்கு போடு" என்றார் அம்மா.

ஒவ்வொரு முக்குக்கும் இடையே ஆற வேண்டும். அந்த நேரத்தில் ஏதேதோ மனதில் ஓடியது. 1897இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள், நம் அவுரி படுத்துவிட்டது. 1914இல் போர் மூண்டு ஜெர்மன் சாயம் நின்றதும் மறுபடி அவுரிக்குக் கிராக்கி. யாரோ போட்ட சண்டையில் நாலு காசு பார்த்த விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அடுத்த சரிவும் அவன் தலையில்தான் விழுந்தது.

இதே கடலூரில் 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தரையிலும் கடலிலும் மோதினார்கள். இருபுறமும் நம் சிப்பாய்கள் செத்தார்கள். ஆனால் பிரான்சின் வெர்சாயில் சமாதான முன் ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர ஜூன் கடைசி. இப்போது எரிவாயு விலை மட்டும் கப்பலுக்கு முன்பே வந்துவிடுகிறது.

ஆறு முக்குக்குப் பிறகு துண்டு நல்ல கருநீலம். முதல் துவைப்பில் கொஞ்சம் விட்டது, இரண்டாவதில் நின்றுவிட்டது. ஓரத்தில் மட்டும் திட்டு. முறுக்கிப் பிழிந்தது என் தவறு. அடுத்து அம்மாவின் தலையணை உறைகள்.

நேற்று சிலிண்டர் வந்துவிட்டது. ஆனாலும் கொல்லை அடுப்பைக் கலைக்க வேண்டாம் என்கிறார் அம்மா.