தேங்காய் எண்ணெய் உறையும் ஊரில்

நவம்பர் 16

காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். சொட்டுக்கூட வரவில்லை. அடியில் வெள்ளையாக, மெழுகு மாதிரி உட்கார்ந்திருந்தது.

24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். தென்காசியில் வளர்ந்த நான் அதைப் பார்த்ததெல்லாம் மார்கழி விடியலில் ஓரிரு நாள்தான். இங்கே டெல்லியில், முனிர்க்காவின் இந்த மூன்றாம் மாடி வீட்டில், குளிர்காலம் வந்துவிட்டது என்று எனக்கு முதலில் சொல்வதே இந்த பாட்டில்தான்.

போன வருஷம் இதைப் பார்த்துச் சிரித்தேன், போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஜனவரியில் சிரிப்பு போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் மேல் இருக்கும் தோல் வற்றிய குளத்து வண்டல் போலப் பாளம் பாளமாக வெடித்தது. ராத்திரி தூக்கத்தில் சொறிந்திருக்கிறேன், காலையில் போர்வையில் ரத்தப் புள்ளி. கையில் கிடைத்த லோஷனையெல்லாம் பூசினேன், எதுவும் கேட்கவில்லை.

இந்த வருஷம் தோல் வெடிக்கும்வரை காத்திருப்பதாக இல்லை. என்ன மாற்றினேன், என்ன ஆனது என்று அவ்வப்போது இங்கே எழுதி வைக்கிறேன். முதல் குறிப்பு: முழங்கையில் நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறக் கோடு அழியாமல் நின்றது.

நவம்பர் 17

குளியலறை அலமாரியைக் காலி செய்தேன். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் சேர்த்த சாமான்கள். வேப்பிலை ஃபேஸ்வாஷ், சாலிசிலிக் அமில ஜெல், திறந்தாலே ஸ்பிரிட் வாசனை அடிக்கும் டோனர், வால்நட் ஓட்டை அரைத்துப் போட்ட ஸ்க்ரப். எல்லாமே எண்ணெய் வழியும் முகத்தோடு மல்லுக்கட்ட வாங்கியவை. ஏப்ரல் மாத வேளச்சேரிக்கு அவை சரி. இங்கே இப்போது முகத்தில் வழிய எண்ணெயே இல்லை.

தோலின் மேலடுக்கை மருத்துவர்கள் செங்கல் சுவர் என்பார்கள். செத்த செல்கள் செங்கல்; செராமைட், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்தது சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும். நான் போன வருஷம் முழுக்கச் செய்தது, காலையும் மாலையும் சாந்தைச் சுரண்டிவிட்டு மேலே வெள்ளையடித்ததுதான்.

ஆக, டோனரும் ஸ்க்ரப்பும் குப்பைக்கு. சாலிசிலிக் ஜெல் மார்ச் வரை பரணில். காலையில் முகத்துக்கு வெறும் தண்ணீர், ராத்திரி மட்டும் நுரை அதிகம் வராத ஒரு க்ளென்சர். ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைச் சாமானும் தோலைக் காயவைக்கும்தான், ஆனால் தூக்கிப்போட மனசு வரவில்லை, விலை அப்படி. வாரத்தில் 4 ராத்திரி என்பது 2 ஆகிறது. அதுவும் முதலில் க்ரீம், அதன் மேல் பட்டாணி அளவு ரெட்டினால், மறுபடி க்ரீம்.

சன்ஸ்க்ரீன் தொடரும். வெயில் இதமாக இருக்கிறது என்பதால் புற ஊதாக் கதிர் லீவு போட்டுவிடாது. ஜெல் வகையை மட்டும் க்ரீம் வகையாக மாற்றிக்கொண்டேன்.

நவம்பர் 24

முகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு வெடித்தது கால். காலுக்கு எமன் குளியலறையில் இருக்கிறான்.

குளிரில் நடுங்கிக்கொண்டு போய் கீசர் தண்ணீருக்கு அடியில் நிற்கும் சுகம் இருக்கிறதே, அதை விடத்தான் கஷ்டம். போன வருஷம் இருபது நிமிடம் நிற்பேன், முதுகு சிவக்கும்வரை. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தை நாம் எதில் கழுவுகிறோம்? வெந்நீரும் சோப்பும். பாத்திரத்துக்கு நடப்பதுதான் தோலுக்கும் நடக்கிறது. சாதாரண சோப்பின் பிஎச் (புளிப்பு குறையக் குறைய ஏறும் எண்) 9, 10 வரை போகும். தோலோ 5-ஐ ஒட்டி, லேசான புளிப்பில் இருப்பது. போதாததற்கு எங்கள் கட்டடத்தில் போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நுரைக்காமல், ஒரு படலமாகத் தோலிலேயே தங்கிவிடும். வாளி விளிம்பில் படிகிறதே ஒரு வெள்ளைக் கறை, கிட்டத்தட்ட அதுதான்.

புது ஏற்பாடு இது. ஷவர் கிடையாது, ஒரே ஒரு வாளி. கை விட்டுப் பார்த்தால் "பரவாயில்லை" என்று தோன்ற வேண்டும். "ஆஹா" என்று தோன்றினால் சூடு அதிகம். ஏழெட்டு நிமிடத்தில் வெளியே. சோப்புக்குப் பதில் சின்டெட் கட்டி (பார்க்க சோப்பு மாதிரி, ஆனால் தோலின் பிஎச்-ஐ ஒட்டிச் செய்தது), அதுவும் அக்குள், இடுக்கு, பாதம் மட்டும். நாளெல்லாம் இரண்டு அடுக்குத் துணிக்குள் இருக்கும் கைகாலில் தினமும் சோப்பு போட்டு எடுக்கும் அளவுக்கு என்ன அழுக்கு?

அப்புறம்தான் முக்கியமான இடம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, கதவைத் திறக்காமல், அறைக்குள் ஆவி இருக்கும்போதே க்ரீம் பூச வேண்டும். மூன்று நிமிடம் கணக்கு. முதல் நாள் கால் ஈரத்தில் க்ரீம் வழுக்கிக்கொண்டு போனது, ஒட்டவே ஒட்டாது என்று நினைத்தேன். முட்டியிலிருந்து கீழ்நோக்கி, ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே நாலு முறை தடவியதும் வழுக்கல் நின்று, உள்ளங்கை மெல்ல இழுபட ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்தில் பைஜாமா போட முடிந்தது.

போன வருஷம் குளித்து, தலை காயவைத்து, காபி குடித்து, ஆபீஸ் கிளம்பும்போதுதான் லோஷன் பூசுவேன். அதற்குள் தோல் காய்ந்து வெள்ளை பூத்திருக்கும். காய்ந்த தோலை, காய்ந்தது காய்ந்தபடியே பூட்டி வைத்திருக்கிறேன்.

வாங்கியது டப்பாவில் வரும் கெட்டி க்ரீம். பம்ப் பாட்டில் லோஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான். வாசனை இல்லாதது, கிளிசரினும் செராமைடும் பெட்ரோலேட்டமும் (வாஸ்லின் டப்பாவில் இருப்பது அதுதான்) பட்டியலில் இருப்பது, இவ்வளவுதான் பார்த்தேன். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பெட்ரோலேட்டம் ஆவியாக விடாமல் மூடும்.

டிசம்பர் 3

உதடு. நக்குவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது.

பக்கத்து சீட் வங்காளி அக்கா பச்சை ட்யூப் போரோலினை நீட்டினார். 1929-ல் கல்கத்தாவில் தொடங்கிய சரக்கு, அவர்கள் வீட்டில் அது கிட்டத்தட்ட குலதெய்வம். அந்த வாசனை எனக்கு ஒத்துவரவில்லை. நான் வாஸ்லின் கட்சி. 1872-ல் காப்புரிமை வாங்கிய சாமான். தண்ணீரை வெளியே விடாமல் தடுப்பதில் இன்றும் அதை மிஞ்சுவது கஷ்டம். மெந்தால் போட்ட லிப் பாம் ஜில்லென்று இருக்கும், வெடித்த உதட்டில் எரிச்சல்தான் மிச்சம்.

டிசம்பர் 11

அப்பா வந்துவிட்டார். ஒரு மாதம் இருப்பார். இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், முறுக்கு டின், அரை லிட்டர் நல்லெண்ணெய். குளிக்கப் போனவர் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு திரும்பி வந்தார்.

"ஏட்டி, இது என்ன, கல்லு மாதிரி கெடக்கு?"

"எண்ணெய்தாம்ப்பா. குளிருக்கு உறைஞ்சிருக்கு."

"எண்ணெய்க்கே ஜன்னி கண்டிருக்கே இந்த ஊர்ல!"

சாயந்தரம் அவர் காலைப் பார்த்தேன். குதிகாலில் பித்தவெடிப்பு. ஒரு வெடிப்பில் எட்டணாக் காசைச் செருகி நிறுத்தலாம் போல ஆழம். அவருக்கு வயது 71, சர்க்கரை 18 வருஷமாக. "வலிக்கலையாப்பா?" என்றேன். "வலிச்சாத்தானே" என்றார், ஏதோ சாமர்த்தியம் மாதிரி. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. ஓரத்தை ப்ளேடால் தானே சீவிக்கொள்வாராம்.

டிசம்பர் 15

ஞாயிறு, மொட்டைமாடி. டெல்லிக்காரர்களுக்குக் குளிர்கால வெயிலில் உட்காருவது ஒரு வேலை. பாய், வேர்க்கடலை, உப்பு மிளகாய் தூவிய முள்ளங்கி, ஆரஞ்சு. மாடிவீட்டு ஆன்ட்டி அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுக் கடுகெண்ணெயோடு வந்துவிட்டார். இங்கே கைக்குழந்தையைக்கூட வெயிலில் கிடத்தி அதைத்தான் தேய்ப்பார்கள். அப்பாவுக்கு ஹிந்தி தெரியாது, ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. பேச்சு ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் நடந்தது.

கடுகெண்ணெயின் அந்தச் சுரீரை வெடிப்பில் விட நான் சம்மதிக்கவில்லை. காரம் காரம்தானே. தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வைத்துக்கொண்டார். ராத்திரி தலையணை உறை முழுக்க ஊறுகாய் வாசனை.

டிசம்பர் 19

அப்பாவைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பத்து நிமிடத்தில் அவருடைய பழக்கம் பாதியும் போயிற்று. ப்ளேடு கூடவே கூடாது. வெந்நீரில் கால் ஊறவைப்பது கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது. வெடிப்பு மூடும்வரை பெட்ரோலியம் ஜெல்லி, மூடியபிறகு யூரியா கலந்த க்ரீம். விரலிடுக்கில் மட்டும் எதுவும் பூசக்கூடாது, ஈரம் தங்கினால் அங்கே பூஞ்சை வரும். ராத்திரி பருத்தி சாக்ஸ். தினமும் ஒரு தடவை பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

"தூங்கும்போது சாக்ஸா? நான் என்ன மிலிட்டரியா?" என்று ஆட்டோவில் வரும்போதெல்லாம் புலம்பல். ராத்திரி நான்தான் போட்டுவிட்டேன். குதிகாலில் ஜெல்லி தடவும்போது கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார். நான் எல்.கே.ஜி. படிக்கும்போது ஷூ போட்டுவிட்ட மனிதர்.

ஜனவரி 4

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. போனில் ஈரப்பதம் 97 சதவீதம். நேற்று வாங்கிய சின்ன மீட்டர் அறைக்குள் காட்டுவது 34. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மீட்டர் டூப்பு" என்றார்.

டூப்பு இல்லை. வெளியே 7 டிகிரி. அந்தக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 8 கிராம் நீராவியைத்தான் தாங்கும், அதற்கே நிரம்பி வழிகிறது. அதே காற்று உள்ளே வந்து ஹீட்டரில் 24 டிகிரி ஆனால் 22 கிராம் வரை தாங்கும் வயிறு அதற்கு வந்துவிடுகிறது. இருப்பது அதே 8 கிராம். மீதிக்கு எங்கே போகும்? நம் உதட்டிலும் முழங்காலிலும் கை வைக்கும். வெளியே பனி சொட்டும்போது வீட்டுக்குள் தோல் காய்கிற மர்மம் இவ்வளவுதான்.

ஹீட்டர் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது இங்கே வழக்கம். வைத்துப் பார்த்தேன், மீட்டர் அசையவே இல்லை. துவைத்த துணியை அறைக்குள் ஸ்டாண்டில் காயப்போட்டதும் இரண்டு மணி நேரத்தில் 46-க்கு ஏறியது. (ஹீட்டருக்குத் தள்ளி. மேலே போட்டுத் தீப்பிடித்தால் அது வேறு கதை.) படுக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட்டு ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் புகுந்துவிடுகிறோம். கம்பளிக்கு உள்ளே பருத்தி. உரசல் நின்றதும் என் கால் அரிப்பில் பாதி நின்றது.

ஜனவரி 9

இன்று புத்தி கெட்டுப்போனேன். கால் நன்றாக இருக்கிறதே, அப்பாவின் யூரியா க்ரீமையும் கொஞ்சம் போட்டால் இன்னும் வழுவழுவென்று ஆகும் என்று காலையில் ரேஸர் ஓட்டிய கையோடு பூசினேன். குதித்தேன். கழுவி, வாஸ்லின் தடவி, ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

ஜனவரி 14

பொங்கல். அப்பா நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது உறையவில்லை, தங்கம் மாதிரி ஓடுகிறது. "பாத்தியா? நல்லெண்ணெய் நல்லெண்ணெய்தான்" என்று தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்து ஒரு சிரிப்பு.

எண்ணெய்க் குளியலோடு எனக்குச் சண்டை இல்லை, அதற்குப் பிறகு நடப்பதோடுதான். நன்றாக ஊறவிட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டு, சீயக்காயும் பயத்தமாவும் போட்டுப் பறபறவென்று தேய்த்துக் கடைசிச் சொட்டுவரை எடுத்துவிடுகிறோம். குற்றாலத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்புக்கு அது தாங்கும். இங்கே தாங்காது. பேரம் பேசினோம். தலைக்குச் சீயக்காய் உண்டு, உடம்புக்கு மாவு கிடையாது, வெந்நீர் என் கை பார்த்துச் சொல்லும் சூட்டில். மிச்சம் இருந்த எண்ணெயைத் துண்டால் ஒற்றிக்கொண்டு வந்தவர், "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். குக்கரில் பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

காசு நிற்கும் வெடிப்பு இப்போது ஒரு கோடு. பழைய ப்ளேடு பாக்கெட்டைக் காணோம். நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லையாம்.

ஜனவரி 27

அப்பா ஊருக்குப் போய் இரண்டு வாரமாகப் போகிறது. எழுத ஒன்றும் இல்லை. க்ரீம் மூன்றாவது டப்பா. கால் வெடிக்கவில்லை.

பிப்ரவரி 21

காலையில் எண்ணெய் பாட்டிலில் மேலே இரண்டு விரற்கடை தெளிந்திருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி பனிக்கட்டி போல மிதக்கிறது. இரண்டு நாளாகக் கெட்டி க்ரீமைப் பூசினால் பிசுபிசுக்கிறது, முதுகு லேசாக வேர்க்கிறது.

முகம் கழுவும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். மூக்கு நுனியில், சிவப்பாக, நவம்பருக்குப் பிறகு முதல் பரு. நாற்காலி போட்டு ஏறிப் பரணைத் திறந்தேன். சாலிசிலிக் ஜெல்லுக்குப் பின்னால், அப்பாவின் ப்ளேடு பாக்கெட்.