மிஸ்ஸியின் முழுப் பெயர்

அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த நான்காம் நாள் இரவு, மணி இரண்டு இருக்கும். "கட்டை விரல் எரியுதுடா, யாரோ நெருப்பு வச்ச மாதிரி இருக்கு" என்று முனகினார். எடுத்துவிட்ட காலின் கட்டை விரல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மருந்து வேகத்தில் புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்து, "அந்தக் கால் இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

அப்போதுதான் அந்த மிஸ்ஸி வந்தார். இங்கே தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கிளந்தானைச் சேர்ந்த மலாய்க்காரப் பெண், முப்பது வயது இருக்கலாம். என்னை விலக்கிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். எந்த விரல், எரிச்சலா குத்தலா என்று அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கட்டுக்கு மேலே தொடையை மெல்ல நீவிக்கொண்டே, "அங்கிள், இது நிஜமான வலி. கால் போனாலும் மூளைக்குள் அந்தக் காலுக்கு உரிய இடம் அப்படியே இருக்கும். அறுபட்ட நரம்பிலிருந்து வரும் சேதியை அது கால் வலி என்றே எடுத்துக்கொள்ளும். நிறைய பேருக்கு இப்படி வரும்" என்று மலாயில் சொன்னார். அப்பா திரும்பிப் படுத்தார். மிஸ்ஸி டாக்டருக்குப் போன் செய்து மருந்து கேட்டு வாங்கினார், விடிந்ததும் ரவுண்ட்ஸ் வந்தவர்களிடமும் சொன்னார். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரை அன்றிலிருந்துதான் தொடங்கியது.

நாங்கள் செந்தூல்காரர்கள். அப்பா இருந்தது கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டு, நாளுக்கு 3 வெள்ளி (ரிங்கிட்). எதிர்க் கட்டில், பக்கத்துக் கட்டில், ஜன்னலோரம், எல்லாம் இனிப்பு நீரால் கால் புண்ணாகி வந்தவர்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, ஆறு பேரில் ஒருவர். அந்த வார்டில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கு கண்ணெதிரே படுத்திருக்கும். இத்தனை பேருக்கும் கட்டு மாற்ற வேண்டும். காய்ந்து ஒட்டிய துணியைச் சட்டென்று இழுத்தால் வேலை சீக்கிரம் முடியும். இந்த மிஸ்ஸி அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உப்புநீரை ஊற்றி ஊறவைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிப்பார். ஒவ்வொரு தடவையும் "வலிக்குதா?" என்று தமிழில் கேட்பார். அந்தச் சொல்லை முதல் நாளே என்னிடம் கேட்டு, வெள்ளைப் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதித் தன் பேனாவில் சுற்றி ஒட்டியிருந்தார்.

வீட்டுக்குப் போகும் நாள் அவர் கையில் ஒரு சாக்லேட் டப்பாவும் ஓர் உறையும் கொடுக்கப் போனேன். இரண்டையும் தொடவில்லை. "வேண்டாம், எனக்குச் சிக்கலாகிவிடும்" என்றார். பக்கத்தில் நின்ற சிஸ்டர், எங்கள் ஊர் வழக்கில் வார்டுத் தலைவி, "நன்றி சொல்லணும்னா எழுதிக் கொடுங்க" என்றார்.

சரி, எழுதலாம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். சுகாதார அமைச்சில் சிஸ்பா என்ற இணையப் பக்கம் உண்டு. பொதுமக்கள் புகார் கொடுப்பதும் அதில்தான், பாராட்டு கொடுப்பதும் அதில்தான். 'பெங்கார்காஆன்' (பாராட்டு) என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, "வார்டில் உள்ள தாதி மிகவும் அன்பானவர், கனிவானவர், கடமை தவறாதவர், மிக்க நன்றி" என்று மகள் உதவியோடு மலாயில் எழுதி அனுப்பினேன். எந்தத் தாதி என்று கேட்டுப் பதில் வந்தது. பெயர் போட்டு அனுப்பினேன். அதே பெயரில் அந்த வார்டில் இரண்டு பேராம். பத்து நாள் அப்பாவைத் தாங்கியவரின் முழுப் பெயர் எனக்குத் தெரியவில்லை. எல்லாரையும் போல மிஸ்ஸி, மிஸ்ஸி என்றே கூப்பிட்டிருக்கிறேன். இது எனக்கு உண்மையிலேயே உறுத்தியது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனேன். அவர் அன்று ஓய்வு. சிஸ்டர்தான் முழுப் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பொது உறவு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி என் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னதுதான் எனக்குப் பெரிய உதவி. "என்சிக், நல்லவர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அவர் என்ன செய்தார்? எந்தத் தேதி, எந்த ஷிப்ட்? அதை எழுதுங்கள். கடிதம் அவருடைய கோப்புக்குப் போகும். சிறந்த சேவை விருதுக்குத் துறைத் தலைவர் பெயர் கொடுக்கும்போது எடுத்துக் காட்ட ஏதாவது இருக்க வேண்டாமா?"

அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் சித்தப்பா மகளிடம் இதைச் சொன்னேன். அவள் வேலை செய்யும் இடத்தில் டெய்சி விருதுக்கும் இப்படித்தானாம், நோயாளியோ குடும்பமோ நடந்த கதையை எழுத வேண்டும். 1999இல் பேட்ரிக் பார்ன்ஸ் என்ற 33 வயதுக்காரர், உடலின் எதிர்ப்புச் சக்தியே இரத்தத் தட்டணுக்களை அழிக்கும் நோயில் இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கு நன்றி சொல்லக் குடும்பத்தார் தொடங்கியதுதான் அந்த விருது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்த நினைப்பு வந்ததே, அதை எண்ணினால் மனம் நெகிழ்கிறது.

அன்றிரவே திரும்ப எழுதினேன். அன்பானவர், கனிவானவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரவு இரண்டு மணியிலிருந்து தொடங்கினேன். தேதி தெரியாத இடங்களுக்கு மனைவிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடிப் பார்த்தேன். உப்புநீர், பேனாவில் ஒட்டிய பிளாஸ்டர், எல்லாம் போட்டேன். அப்பாவிடம் நான் சொன்ன அந்த வார்த்தையையும் போட்டேன். மிஸ்ஸி செய்தது என்னவென்று புரிய அதுவும் இருக்க வேண்டியிருந்தது. மகள் மலாயைத் திருத்தினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துக் காட்டியபோது அப்பா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "ராத்திரி முழுக்க நாலு தடவ வந்து பார்த்துச்சு, அதையும் எழுது" என்றார். நான் தூங்கிப்போயிருக்கிறேன். எனக்கு அது தெரியாது. சேர்த்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நகல் மருத்துவமனை இயக்குநருக்கும் அந்தத் தாதிக்கும் அனுப்பப்பட்டதாக இருந்தது. யாருக்காவது நன்றி எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மருத்துவமனையில் இருக்கும்போதே பெயர் அட்டையைப் பார்த்து முழுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், தேதியோடு.

போன மாதம் எலும்பு கிளினிக்குக்கு அப்பாவை அழைத்துப் போனபோது, சக்கர நாற்காலியை வார்டுப் பக்கம் தள்ளச் சொன்னார். மிஸ்ஸி இருந்தார். கடிதத்தைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கியது, "அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்" என்றார். அப்புறம் அவசரமாக அப்பா பக்கம் குனிந்தார். நாலாம் கட்டிலில் ஒரு தமிழ்த் தாத்தா, நாளைக்கு ஆபரேஷன், மலாய் அவ்வளவாக வராது, ராத்திரியெல்லாம் அழுகிறார், 'ஜாங்கான் தாக்குட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"பயப்படாதீங்க" என்றார் அப்பா.

மிஸ்ஸி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். 'டா' சரியாக வரவில்லை, அப்பா திருத்தினார். பையிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்து ஒரு துண்டு வெட்டி, எழுதுவதற்கு அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார்.