ஔவையாரை ஏற்க மறுத்த வினாடி வினா பாட்

மூன்று வாரமாகப் படுத்திய பிழை நேற்று இரவு தீர்ந்தது. ‘ஆத்திசூடி பாடியவர் யார்?’ என்று பாட் (அரட்டைக் குழுவில் தானாகவே கேள்வி கேட்டு விடை திருத்த நான் எழுதிய நிரல்) கேட்டது. முப்பது விநாடிக்குள் ஐந்து பேர் பதில் தட்டினார்கள். ஐந்தும் சரியான பதில்தான், ஐந்தையும் பாட் சரி என்று எடுத்துக்கொண்டது. போன மாதம் இதே கேள்விக்கு இரண்டு பேருக்குத்தான் மதிப்பெண் கிடைத்தது.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வினாடி வினா நடக்கும். டெலிகிராமிலேயே 2020 முதல் வினாடி வினா வாக்கெடுப்பு வசதி உண்டு. நான்கு விடைகளைக் கொடுத்தால் தட்டித் தேர்ந்தெடுக்கலாம், வேலையும் சுலபம். ஆனால் நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொடுவதில் எனக்கு விருப்பமில்லை. பதிலை யோசித்துத் தமிழில் தட்ட வேண்டும், அதுதான் ஆட்டம். அந்தப் பிடிவாதத்தால்தான் இவ்வளவு வேலையும் வந்தது.

புதுப் பாட்களைப் பதிவு செய்யும் டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் டோக்கன் என்ற ரகசியச் சாவி வாங்குவது, பைத்தான் நிரல்மொழியில் எழுதி பாட்டை முதல் வணக்கம் சொல்ல வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: குழுவில் எல்லோருடைய பதிலையும் பாட் படிக்க வேண்டுமென்றால் பிரைவசி மோடை (குழுவின் எல்லாச் செய்தியையும் பாட் படிக்காமல் தடுக்கும் அமைப்பை) அணைத்தால் போதாது. பாட்டைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். இதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

சரி, ஔவையாருக்கு வருகிறேன். குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் விடை அனுப்பியதும் பாட் ‘தவறு’ என்றது. “தம்பி, முப்பது வருஷம் ஆத்திசூடி நடத்தியிருக்கேன். ஔவையார் இல்லேன்னு உங்க பாட் சொல்லுதே” என்று தனியாகச் செய்தி அனுப்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. திரையில் பார்த்தால் அவருடைய விடையும் நான் சேமித்து வைத்த விடையும் அச்சு அசலாக ஒன்றுதான்.

அவர் செய்தியை அப்படியே நகலெடுத்து, ஒவ்வொரு எழுத்துக்குறியாக அச்சிட்டுப் பார்த்தேன். என்னுடையது ஔ, வ, ை என்று தொடங்கியது. அவருடையது ஒ, ள, வ, ை. அதாவது ஔ என்ற ஓர் உயிரெழுத்தை ஒ, ள என்று இரண்டாகத் தட்டியிருக்கிறார். பெரும்பாலான எழுத்துருவில் வித்தியாசமே தெரியாது. அவர் மேல் குறை சொல்ல முடியாது, பல விசைப்பலகைகளில் ஔ ஒளிந்து கிடக்கிறது, ள கைக்கு எட்டுகிறது.

யூனிகோடு நார்மலைசேஷன் (ஒரே எழுத்து பல விதமாகத் தட்டப்பட்டிருந்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது) போட்டால் சரியாகிவிடும் என்று முதலில் நம்பினேன். அது ஓரளவு உதவியது. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் ‘ொ’ என்று சேர்த்துவிடும், இரட்டைக் கொம்பும் காலும் வந்தால் ‘ோ’ ஆக்கிவிடும். ‘ஒ’வோடு ஔகாரக் குறி வந்தாலும் ‘ஔ’ ஆக்கும். ஆனால் ஔகாரக் குறி வேறு, ள என்ற மெய் வேறு. உருவம் ஒன்றாக இருந்தாலும் யூனிகோடில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் நானே விதி எழுதினேன். ‘ஒள’ என்று வந்தால் எல்லாவற்றையும் ‘ஔ’ ஆக்கு என்றால் ‘ஒளி’ கெட்டுப்போகும். ‘ெள’ என்பதை மாற்றினால் ‘வெள்ளை’, ‘தெளிவு’ இரண்டும் போச்சு. இரண்டு நாள் சொற்களை எழுதி எழுதிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: உண்மையான ள வரும் இடங்களில் அதன்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருக்கிறது. கௌரவம், மௌனம், வௌவால், பௌர்ணமி இவற்றைத் தவறாகத் தட்டும்போது அந்த ள வெறுமனே நிற்கிறது. ஆக, ஒ அல்லது ஒற்றைக் கொம்புக்குப் பின்னால் குறி எதுவும் இல்லாத ள வந்தால் மட்டும் மாற்று. என் கேள்வி வங்கியிலுள்ள 1,140 விடைகளில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடக் கெடவில்லை. ‘அவ்வையார்’, ‘வவ்வால்’ போன்றவற்றை மட்டும் மாற்று விடை என்று அட்டவணையின் தனிப் பத்தியில் கையால் சேர்த்தேன்.

இன்னொரு பதில் அப்போதும் தோற்றது. அதில் எங்கிருந்தோ நகலெடுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்த, கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறி ஒன்று இருந்தது. ஓரங்களிலுள்ள இடைவெளியை நீக்கும் பைத்தானின் ஸ்ட்ரிப் அதை இடைவெளியாகவே கணக்கில் எடுக்காது. தனியாகத்தான் நீக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சுலபமான வழி இருக்கிறதே, லெவன்ஷ்டைன் தூரம் (இரண்டு சொற்களுக்கு இடையே எத்தனை குறி வித்தியாசம் என்ற கணக்கு) பார்த்து ஒரு குறி பிசகினாலும் சரி என்று விட்டுவிடலாமே என்று நண்பர் சொன்னார். நானும் வைத்தேன். அந்த வாரமே ‘முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் யார்?’ என்ற கேள்விக்கு ஒருவர் ‘காரி’ என்று போட, பாட் பத்து மதிப்பெண் கொடுத்துவிட்டது. பாரிக்கும் காரிக்கும் ஒரே குறிதான் வித்தியாசம். கடையெழு வள்ளல்களில் இருவரை இப்படி மாற்றிப் போடுகிற பாட் எனக்கு வேண்டாம். அன்றே அதைக் கழற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது வேறு முறை. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவும், ர, ற இரண்டையும் ஒன்றாகவும், ன, ண, ந மூன்றையும் ஒன்றாகவும் மடித்துவிட்டு ஒப்பிடுகிறேன். ‘அரத்துப்பால்’ என்று வந்தால் மதிப்பெண் உண்டு, கூடவே ‘அறத்துப்பால்’ என்று சரியான எழுத்தும் திரையில் வரும். ‘இரும்பை ராவும் கருவி எது?’ என்பது போன்ற கேள்விக்கு மடிப்பு கிடையாது. அங்கே அரமும் அறமும் ஒன்றாகிவிட்டால் கேள்விக்கே பொருளில்லை. இப்படி 63 கேள்விகளுக்குக் ‘கண்டிப்பு’ என்று குறி போட்டிருக்கிறேன்.

விடைக்குக் குறிப்பு (க்ளூ) கொடுப்பதிலும் இதே தொல்லைதான். பாரி என்பதற்கு நீளம் கேட்டால் பைத்தான் 4 என்கிறது. நான்கு கோடு போட்டு இரண்டைத் திறந்தால், நடுவில் புள்ளி வட்டத்தோடு ஒரு கால் மட்டும் தொங்கியது. பைத்தானுக்கான ஓபன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பில் எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது, பா, ரி என்று இரண்டாகத் தருகிறது. தமிழில் எது செய்தாலும் அதை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள்.

சந்தோஷப்பட ஒன்றும் உண்டு. திருக்குறளில் எத்தனை குறள் என்ற கேள்விக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் ‘௧௩௩௦’ என்று தமிழ் எண்ணில் அனுப்பினார். நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுத்தை எண்ணாக மாற்றும் பைத்தானின் இன்ட் தானாகவே அதை 1330 என்று படித்துக்கொண்டது. அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

பாட்டை முதலில் ஓர் இலவச சர்வரில் வைத்திருந்தேன். பத்து நிமிடம் யாரும் பேசவில்லையென்றால் அது தூங்கிவிடும், ஒன்பது மணிக்கு எழுப்பினால் முதல் கேள்வி தாமதமாக வரும். இப்போது வீட்டிலுள்ள ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடுகிறது, தரவுக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு ஒன்று, தினமும் அதற்கு ஒரு நகல். கேள்விகளுக்குப் பழைய போட்டித் தேர்வுப் புத்தகங்களை நம்பாதீர்கள். என்னிடம் இருந்த ஒன்றில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32 என்றே இருந்தது. 2019இல் ஐந்து, 2020இல் மயிலாடுதுறை என்று வந்து இப்போது 38. அதனால் மாறக்கூடிய விடைகளுக்கெல்லாம் ‘மறுபடி பார்க்க வேண்டிய நாள்’ என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

மதிப்பெண் பட்டியல் இன்னும் அரைகுறையாகத்தான் இருக்கிறது, மாத மொத்தம் வரவில்லை. அதை முடிக்காமலே படச் சுற்றில் கை வைத்துவிட்டேன். விக்கிமீடியா காமன்ஸில் இருந்து பன்னிரண்டு படங்களை எடுத்திருக்கிறேன். முதல் படம் மதுரை திருமலை நாயக்கர் மகால் தூண்கள். மகால், மஹால், அரண்மனை என்று மூன்று விதமாகவும் பதில் வரும். ஹ, க இரண்டையும் மடிப்பில் சேர்த்தால் வேறெந்த விடையாவது கெடுகிறதா என்று 1,140 விடைகளையும் இன்று இரவு மறுபடி ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.