காய்ச்சல் வீட்டுக் குறிப்பு

ஐப்பசி 9, ஞாயிறு

காய்ச்சலுக்கு மூன்றாம் நாள். 102.6. டெங்குவைக் காட்டும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ்.

பாரசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. பாப்பாவின் எடை 46 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் நிற்கிறது. நாளைக்கு நாலுக்கு மேல் கிடையாது. நடுவில் அனல் ஏறினால் வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து ஒற்றி எடுப்பதோடு சரி.

உடம்பு வலிக்கு ஓர் ஊசி போட்டுவிட்டால் எழுந்து உட்காருவாளே என்கிறார்கள். வலிக்கென்று போடுவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக். அதுவும் புரூஃபனும் ஆஸ்பிரினும் இந்தக் காய்ச்சலில் வயிற்றுக்குள் ரத்தம் கசிய வழி பண்ணும். வீட்டிலிருந்த வலி மாத்திரை அட்டைகள் எல்லாம் பீரோ மேலே போய்விட்டன.

பகலிலும் கொசுவலை. அவளைக் கடித்த கொசு அத்தையிடம் போகக் கூடாது.

ஐப்பசி 10, திங்கள்

மழை ஈரத்தில் உப்பு நீர்த்துவிட்டது. தீப்பெட்டி நமத்துப் போகாமலிருக்க அரிசிக்குள்.

நிலவேம்புக் குடிநீர் கேட்கிறாள், கொடுக்கலாம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம், ஒன்பது சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கரகரப்பாக இருந்தால் சரி. மாவாக இருந்தால் வடிகட்டியில் நிற்காது, அடியில் சேறாகத் தங்கி, குடிக்கிறவர் தொண்டையில் ஒட்டி, கடைசி மிடறில் எல்லாம் வெளியே வரும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், 200 மில்லி தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் 50 மில்லியாகச் சுண்ட வேண்டும். தீயைக் கூட்டினால் தண்ணீர் போகும், சாரம் இறங்காது. எவர்சில்வர் அல்லது மண்சட்டி; அலுமினியம் வேண்டாம். காலையில் காய்ச்சியதை இரவுக்கு வைக்கக் கூடாது.

இது அலுப்புக்கும் வாய்க் கசப்புக்கும் துணை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவை (பிளேட்லெட்) இது தூக்கி நிறுத்தும் என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன்.

அத்தையும் முன்னெச்சரிக்கையாக ஒரு டம்ளர் கேட்டார். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டும் போடுகிறவர். நிலவேம்பு இரண்டையுமே இறக்கும். "எனக்கு இல்லாததா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரைக் கேட்டபின்தான். கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி 11, செவ்வாய்

தட்டணு 1,10,000. பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு, 38.

எல்லோரும் முதல் எண்ணைத்தான் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்க ஆளில்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டிப்படும், பிசிவி ஏறும். தட்டணு இறங்க இறங்க பிசிவி ஏறினால்தான் பயம்.

பிரிட்ஜ் பின்பக்கத் தட்டு. வண்டியை இழுப்பதுபோல் இழுத்துப் பார்த்தால் ஒரு விரல் ஆழம் தெளிந்த தண்ணீர், நெளிகிற புழு.

ஐப்பசி 12, புதன்

காலை 98.8. வீடே சிரிக்கிறது. நான் சிரிக்கவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். நீர் கசிவதும் ரத்தம் கசிவதும் அப்போதுதான். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுவது, கூப்பிட்டால் சோர்ந்து பார்ப்பது. இதில் ஒன்று வந்தாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், நடுராத்திரி ஆனாலும்.

அதனால்தான் சமையலறையில் சட்டம் போட்டிருக்கிறேன்: அறிகுறியை மறைக்கிற எதுவும் உள்ளே போகக் கூடாது. மேல்வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொண்டுவந்தார். அன்புதான். ஆனால் அந்தக் கசப்புக்கு நல்ல வயிறே குமட்டும். குடித்து வாந்தி எடுத்தால் அது சாற்றின் வாந்தியா, நோயின் வாந்தியா? ராத்திரி இரண்டு மணிக்கு அதை யார் பிரித்துச் சொல்வது? பீட்ரூட்டும் அப்படித்தான். ரத்தம் ஊறும் என்று ஒரு டம்ளர் கொடுத்தால் மறுநாள் மலமும் சிறுநீரும் சிவக்கும், வீடு அலறும். அல்லது உண்மையிலேயே ரத்தம் போகும்போது பீட்ரூட்தான் என்று சும்மா இருந்துவிடுவோம். இரண்டாவதுதான் மோசம். இரும்புச் சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், அதையும் நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரைக் கேட்டு நிறுத்தியாயிற்று.

வெளுத்த சாப்பாடுதான். நொய்க் கஞ்சி, இட்லி, மோர், இளநீர்.

கஞ்சி: ஒரு கைப்பிடி நொய், ஏழு டம்ளர் தண்ணீர், குழைய வேகவிட்டு உப்பு. பருப்பு வேண்டாம். ஓஆர்எஸ் பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கலக்கக் கூடாது, 20.5 கிராம் முழுவதும் ஒரு லிட்டருக்கு. அரை லிட்டரில் முழுதும் கொட்டினால் உப்பு கூடிவிடும், அதுவே கெடுதல். கலக்கி 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு கோடு. இடப்பக்கம் குடித்தது, 200 மில்லிக்கு ஒரு புள்ளி. வலப்பக்கம் சிறுநீர், நேரத்தோடு. ஆறு மணி நேரம் வலப்பக்கம் காலியாக இருக்கக் கூடாது.

ஐப்பசி 13, வியாழன்

74,000. பிசிவி 41.

நீர் போன நேரம் 5.10, 9.40, 2.15. இப்போது 7.30. இன்னும் போகவில்லை.

7.50. போனாள்.

ஐப்பசி 14, வெள்ளி

68,000. பிசிவி 39. பசிக்கிறது என்றாள்!

ரசம் சாதம், மிளகு குறைத்து.

ஐப்பசி 15, சனி

தொட்டி, டிரம், பூச்சட்டித் தட்டு எல்லாம். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று இந்தத் தெருவே நினைக்கிறது. இந்தக் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்கு மேலே, ஈரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரியும். ஆகவே தேங்காய் நார், பிளீச்சிங் பவுடர், உள்சுவரை நன்றாக உரசித் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு நாள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதற்குள் ஒரு சுற்று முடிந்துவிட வேண்டும். பிரிட்ஜ் தட்டும் சேர்த்து. பிரிட்ஜ் தட்டை யாரும் மறப்பார்கள்.

சாயங்காலம் நொச்சி புகை போட்டார் அத்தை. வாசனை அருமை. ஆனால் இந்தக் கொசு காலை வெயில் ஏறும்போதும் பொழுது சாயுமுன்னும் கடிப்பது. விளக்கு வைத்த பிறகு போடும் புகைக்கு அதற்கென்ன வந்தது? போதாததற்கு அறையில் இருமல்.

ஐப்பசி 16, ஞாயிறு

1,02,000.

உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு. கால் முழுக்கச் சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு. தேறும்போது வருவதுதான். சொறியாமல் இருக்க நகம் வெட்டியாயிற்று. கலமைன் அல்லது தேங்காய் எண்ணெய். வேப்ப எண்ணெய் வேண்டாம், எரியும்.

ஐப்பசி 18, செவ்வாய்

வெயில்! துணி, தலையணை, போர்வை எல்லாம் மாடிக்கு.

அரிசி சிப்பத்தில் வண்டு. உச்சி வெயிலில் பரப்பக் கூடாது, மணி வெடித்துச் சமைத்தால் நொய்யாகும். நிழலில், காற்றோட்டத்தில் பரப்பினால் வண்டு தானே நகர்ந்து வெளியேறும். புடைத்து, டப்பாவைக் காயவைத்துத் துடைத்த பிறகு, 25 கிலோவுக்கு ஏழெட்டு வசம்புத் துண்டு, துணியில் இரண்டு முடிச்சாக முடிந்து நடுவில் ஒன்று, மேலே ஒன்று. ஈர டப்பாவில் வசம்பும் பூஞ்சை பிடிக்கும்.

மிச்ச நிலவேம்புப் பொடி கட்டி தட்டியிருக்கிறது. காயவைத்தாலும் பழைய வாசம் வராது. செடிக்குப் போட்டாயிற்று, சட்டித் தட்டைக் கவிழ்த்துவிட்டு.

மேல்வீட்டு அக்காவுக்கு 101. போய்ப் பார்க்க வேண்டும், வலி மாத்திரை ஏதாவது போட்டுவிட்டாரா என்று.